லோயிஸ் கிரிண்டல் தட்டிய கதவுகள்

கார்வர்ஸ் மில்ஸில் இரவு பனி கொட்டினால் காலையில் நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்போம். லோயிஸ் கிரிண்டலின் வண்டிச் சத்தம் வருகிறதா என்றுதான். முகப்பில் இரும்புத் தகடு பூட்டிய பழைய பச்சை பிக்கப். நாற்பத்தொரு வீட்டு வாசல்களிலிருந்து பனியைத் தள்ளி வழி விடுவது அவள் வேலை. தள்ளி முடித்ததும் இரண்டு தடவை ஹாரன் அடிப்பாள், போய்விடுவாள். வண்டியை விட்டு இறங்க மாட்டாள். நாலு பேரிடம் நின்று பேசுவதென்றால் அவளுக்குப் பல் பிடுங்கிய மாதிரி.

அப்படிப்பட்டவள் மூன்று வருஷம் ஊரில் ஒரு கதவு விடாமல் தட்டினாள். அது எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியும். நான் டோரீன், ஊர் அலுவலகக் குமாஸ்தா. பிறப்பு, இறப்பு, கல்யாணம், தேர்தல் எல்லாம் என் மேஜையைத் தொட்டுத்தான் போக வேண்டும்.

லோயிஸும் அர்லெட் செவினியும் மேட்டுத் தெருவில் ஒரே வீட்டில் இருபத்தேழு வருஷம் குடித்தனம் நடத்தியவர்கள். அர்லெட் பள்ளிக்கூடச் சமையல்காரி. ஊரில் முப்பது வயதுக்குள் இருக்கிற எல்லாரும் அவள் கையால் சாப்பிட்டவர்கள்தான். இரண்டு பேரும் யார் என்று ஊருக்குத் தெரியும். தெரியும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம், அவ்வளவுதான். அர்லெட்டின் அப்பா படுக்கையில் விழுந்தபோது ஏழு மாதம் அவருக்கு முகம் மழித்து, கால் நகம் வெட்டிவிட்டவள் லோயிஸ். அவர் இறந்ததும் பத்திரிகையில் வந்த அறிவிப்பில் மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள் எல்லார் பெயரும் இருந்தது. லோயிஸ் பெயர் இல்லை.

"அண்ணன் அவசரத்துல எழுதினான், மறந்திருப்பான்" என்றாள் அர்லெட்.

"மறந்திருப்பான்" என்றாள் லோயிஸ். மறக்கவில்லை என்று இருவருக்கும் தெரியும்.

2009ஆம் ஆண்டு மே மாதம் எங்கள் மெய்ன் மாநிலச் சட்டசபை அந்தச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் செப்டம்பரிலிருந்து கல்யாணம் செய்துகொள்ளலாம். ஆளுநர் கையெழுத்துப் போட்ட மறுநாள் லோயிஸ் அலுவலகத்துக்கு வந்தாள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"டோரீன், செப்டம்பர்ல கேட்டா எனக்கும் அர்லெட்டுக்கும் உரிமம் குடுப்பியா?"

"சட்டம் வந்தா குடுக்கத்தானே வேணும்."

"நீ குடுப்பியான்னு கேட்டேன்."

"குடுப்பேன்" என்றேன். அவள் முகம் சிவந்துவிட்டது. செப்டம்பர் பன்னிரண்டாம் தேதிக்கு ஊர்க்கூடத்தை முன்பதிவு செய்துவிட்டுப் போனாள்.

அந்தத் தேதி வரவே இல்லை. சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே எதிர்த்தவர்கள் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார்கள். மக்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்றார்கள். அதுவரை சட்டம் நின்றது. அர்லெட் கூடத்தை ரத்து செய்ய வந்தபோது என் முகத்தைப் பார்க்காமல், "நவம்பருக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். வாசல்களில் சட்டத்தை ரத்து செய்யச் சொல்லும் தட்டிகள் முளைத்தன. எங்கள் தெருவில் நான்கு, ஏரிச் சாலையில் பதினொன்று. டெல்மண்ட் வைமன் என்ற எழுபத்தெட்டு வயதுக்காரர் தன் வாசலில் இரண்டு வைத்தார்.

நவம்பர் மூன்றாம் தேதி ஓட்டு. சீட்டில் இருந்த கேள்வி, சட்டத்தை ரத்து செய்யலாமா என்பது. ஆம் என்றால் கல்யாணம் கிடையாது. மாநிலம் முழுவதும் நூற்றுக்கு ஐம்பத்து மூன்று பேர் ஆம் என்றார்கள். எங்கள் ஊர் அதைவிட மோசம். மறுநாள் காலை நான் அலுவலகக் கதவில் ஒட்டிய தாளில் இருந்தது இது: ஆம் 298, இல்லை 187, வெற்று 9.

லோயிஸ் எட்டு மணிக்கே வந்து அந்தத் தாளின் முன்னால் நின்றாள். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நான். அவள் உதடு அசைவதைப் பார்த்தேன். பிறகு உள்ளே வந்தாள்.

"இருநூத்தித் தொண்ணூத்தெட்டு பேர்" என்றாள். "அவ்வளவு பேரையும் எனக்குத் தெரியும் டோரீன். நேத்து சாயங்காலம் வரைக்கும் எல்லாரும் கை ஆட்டினாங்க."

நான் மேஜைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

"இந்த ஒன்பது பேர் என்ன நெனச்சு வெறுமனே விட்டிருப்பாங்க?"

நான் குனிந்து பேரேட்டைத் திறந்தேன்.

தோல்வி லோயிஸைவிட அர்லெட்டைத்தான் அதிகம் முறித்தது. சனிக்கிழமை மாலைகளில் ஊர்க்கூடத்தில் பீன்ஸ் விருந்து நடக்கும். அர்லெட் வராத சனிக்கிழமை அதுவரை கிடையாது. அந்த வாரம் வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. கடைக்குப் பதினெட்டு மைல் தள்ளி வேறு ஊருக்குப் போக ஆரம்பித்தாள். என்னவென்று கேட்கப் போன என்னிடம் அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"இருபத்திரண்டு வருஷம் இவங்க பிள்ளைங்களுக்கு ஆக்கிப் போட்டேன். எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்காதுன்னு பெத்தவளுக்கு முன்னாடி எனக்குத் தெரியும். அவங்க தட்டைக் கழுவின கை இது. என் கல்யாணத்துக்கு ஓட்டு எடுக்கறாங்க. அவங்க கல்யாணத்துக்கு யார் ஓட்டு எடுத்தாங்க?"

லோயிஸ் மூலையில் உட்கார்ந்து காலணிக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் முதல் வாரத்தில் பெரும்பனி விழுந்தது. முழங்கால் அளவு. லோயிஸ் வண்டிச் சாவியை எடுத்ததும் அர்லெட் வாசலை மறித்தாளாம்.

"தட்டி வச்ச வீட்டுக்கெல்லாம் போகாத. அவங்களுக்கும் கை இருக்கு, மண்வெட்டி இருக்கு."

"டெல்மண்ட் வீட்டுல ஃபே இருக்கா."

டெல்மண்டின் மனைவி ஃபேக்கு நுரையீரல் கெட்டுப்போய் நாலு வருஷம். மூக்கில் குழாய். ஆக்ஸிஜன் உருளை கொண்டுவரும் வண்டிக்கு வழி இல்லாவிட்டால் அவள் கதி என்ன என்று எல்லாருக்கும் தெரியும்.

"ஃபேக்கு மூச்சு வேணும், அர்லெட். அதுக்கு ஓட்டு எடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டு லோயிஸ் கிளம்பினாள்.

வழக்கம்போல எல்லா வாசல்களையும் தள்ளினாள். டெல்மண்ட் வீட்டில் முடித்ததும் ஹாரன் அடிக்கக் கையை வைத்தவள், அடிக்காமல் இஞ்சினை நிறுத்தினாள். இறங்கிப் போய்க் கதவைத் தட்டினாள். அதற்குப் பிறகு நடந்ததை லோயிஸும் சொன்னாள், ஃபேயும் சொன்னாள். இருவர் சொன்னதும் ஒத்துப்போகிறது.

டெல்மண்ட் கதவைத் திறந்தார். "என்ன லோயிஸ், வண்டி மக்கர் பண்ணுதா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"உள்ள வந்து கேளு. சூடு வெளிய போகுது."

மிதியடியில் நின்றாள். காலணியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"உங்க வாசல்ல ரெண்டு தட்டி இருந்துச்சு."

டெல்மண்ட் தாடையைச் சொறிந்தார். "அது உன்னைப் பத்தினது இல்லம்மா."

"பின்ன யாரைப் பத்தினது?"

"அது... டிவியில வர்றாங்களே. நகரத்து ஆளுங்க."

"நீங்க சீட்டுல போட்ட குறி நகரத்துக்குப் போகல, டெல்மண்ட். நேரா மேட்டுத் தெருவுக்கு வந்துச்சு. நாங்க கூடம் பிடிச்சு வச்சிருந்தோம். இப்ப அர்லெட் வீட்டை விட்டு வெளிய வர மாட்டேங்கறா."

"வேதம் ஒண்ணு சொல்லுது. அதை நான் மாத்த முடியுமா?"

"வேதத்தை மாத்தச் சொல்லல. உங்க சர்ச்சுல பண்ணி வைங்கன்னும் சொல்லல. டோரீன் மேஜை மேல ஒரு காகிதம், அதான் கேக்கறேன். நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆனா, அர்லெட் யாருன்னு கேக்கறவங்களுக்குச் சொல்ல ஒரு காகிதம்."

உள் அறையிலிருந்து ஃபே குரல் கொடுத்தாள். "பொண்ணு நனைஞ்சு நிக்கறா. காபி குடுங்களேன்."

"வேண்டாம் ஃபே. இன்னும் இருபது வாசல் பாக்கி" என்று சொல்லிவிட்டு லோயிஸ் வெளியே வந்தாள்.

அன்று என் வாசலிலும் இறங்கினாள். சமையலறையில் உட்கார்ந்து, டெல்மண்ட் வீட்டில் நடந்ததைச் சொல்லி, "எல்லா வீட்டுக்கும் போகப்போறேன். எப்படி ஓட்டுப் போட்டீங்கன்னு கேக்க மாட்டேன். நான் யாருன்னு மட்டும் சொல்லிட்டு வருவேன்" என்றாள்.

என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "லோயிஸ், அந்த ஒன்பது வெத்துச் சீட்டுல ஒண்ணு என்னுது."

அவள் காபியைக் கீழே வைத்தாள்.

"உனக்கு எதிராப் போட மனசு வரல. எங்க சர்ச் சபையில எல்லாரும் ஒரு பக்கம் நிக்கறப்ப இந்தப் பக்கம் போடவும் துணிச்சல் வரல. குமாஸ்தா நடுநிலையா இருக்கணும்னு எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கிட்டேன்."

அவள் கோபிப்பாள் என்று நினைத்தேன். கோபித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "சரி. அப்ப இன்னும் எட்டு பேர்."

அவள் புனிதவதி ஒன்றும் இல்லை. அதையும் சொல்ல வேண்டும். கடைக்கு எதிர்வீட்டு ராய்ஸ் டிபெட்ஸ் பெட்ரோல் போடும் இடத்தில் நாலு பேர் முன்னால், "இன்னிக்குப் பொண்ணும் பொண்ணும், நாளைக்கு மாட்டைக் கட்டிக்கறேன்னு நிப்பாங்க" என்று சிரித்திருக்கிறார். மறுநாள் பனியில் அவர் கார் கொட்டகைக் கதவின் மேல் ஆள் உயரத்துக்குப் பனியைக் குவித்துவிட்டு வந்துவிட்டாள் லோயிஸ். வீட்டில் சொன்னதும் அர்லெட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம். நவம்பருக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான். ஆனாலும் லோயிஸுக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் மண்வெட்டியோடு போய் இரண்டு மணி நேரம் கையாலேயே வாரிக் கொட்டினாள். ராய்ஸ் வெளியே வந்து பார்த்தார்.

"உன் வேலைதானா?"

"என் வேலைதான். நீ பேசினது தப்பு. நான் பண்ணினதும் தப்பு. என்னுதை நான் சரி பண்ணிட்டேன்."

ராய்ஸ் கடைசி வரைக்கும் மாறவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் அந்த மாட்டுக் கதையைச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

அடுத்த இரண்டு வருஷமும் இப்படித்தான் போயின. பனிக்காலத்தில் வாசல் தள்ளியபின் ஒரு கதவு. கோடையில் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு மற்றச் சாலைகள். போர்ட்லண்ட் நகரத்திலிருந்து வந்த கல்யாண உரிமை இயக்கத்துக்காரர்கள் அவளுக்கு எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அவர்கள் தந்த தாளை அவள் வண்டியின் பெட்டியில் வைத்துப் பூட்டினாள், எடுக்கவே இல்லை. "நான் லோயிஸ் கிரிண்டல். அர்லெட்டும் நானும் இருபத்தெட்டு வருஷமா ஒண்ணா இருக்கோம். கல்யாணம் பண்ணிக்கணும்" என்பாள். அதற்கு மேல் அவர்கள் பேசினால் கேட்பாள். சிலர் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். ஒரு வீட்டில் ஒரு கிழவர், போரில் இறந்துபோன தன் தம்பியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். தம்பிக்கு ஒரு சிநேகிதன் இருந்தானாம், சாவுக்கு வந்து கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போனானாம். "அன்னிக்கு அவனை முன்னால கூப்பிட எனக்குத் தோணல" என்றாராம்.

2011இல் கல்யாணத்தை ஆதரித்தவர்களே கையெழுத்துத் திரட்டினார்கள், கேள்வியை மறுபடி ஓட்டுக்குக் கொண்டுவர. எங்கள் ஊர்க் கையெழுத்துகளைச் சரிபார்ப்பது என் வேலை. ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தபோது நடுங்கிய எழுத்தில் ஒரு பெயர் வந்தது: ஃபே வைமன். கீழே டெல்மண்ட் பெயர் இல்லை. அந்தத் தாளை எடுத்துப் போனது லோயிஸ்தான்.

"அவரு தூங்கறப்ப போட்டா" என்றாள் லோயிஸ். "பேனாவை மூடிட்டு, 'இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும், ஐம்பத்தஞ்சு வருஷக் குடித்தனத்துல எனக்குன்னு ஒண்ணு இருக்கட்டுமே'ன்னா."

அர்லெட் மட்டும் அசையவில்லை. "உன்னைத் தடுக்கல. ஆனா நான் போய்க் கதவைத் தட்டிக் கெஞ்ச மாட்டேன்" என்பாள். லோயிஸ் ஒருநாளும் கட்டாயப்படுத்தவில்லை. 2012 செப்டம்பரில் லோயிஸுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. வண்டி ஓட்ட முடியாது. "ஓட்ட மட்டும் வரேன், இறங்க மாட்டேன்" என்று அர்லெட் ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

ஏரிச் சாலையில் மூன்றாவது வீடு. லோயிஸ் நொண்டிக்கொண்டு போய்ப் பேசிக்கொண்டிருந்தாள். உள்ளிருந்து இளம்பெண் ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு, லோயிஸைக் கடந்து நேராக வண்டிக்கு வந்தாள். பெயர் காரா. அர்லெட் கண்ணாடியை இறக்கினாள்.

"மிஸ் அர்லெட், என்னை ஞாபகம் இருக்கா? கோதுமை சாப்பிட்டா எனக்கு உடம்பெல்லாம் தடிக்கும். எனக்குன்னு தனியா சோள ரொட்டி சுட்டுத் துணியில சுத்தி வைப்பீங்க."

"மேல கொஞ்சம் மேப்பிள் பாகு ஊத்தினாத்தான் திம்ப" என்றாள் அர்லெட்.

காரா தலையைக் குனிந்தாள். "போன தடவை நான் உங்களுக்கு எதிராப் போட்டேன். உங்களைப் பத்தினதுன்னு எனக்குத் தோணவே இல்ல."

"இப்பத் தோணுதா?"

"தோணுது."

"சரி. வெயில்ல நிக்காத, பிள்ளைக்குத் தொப்பி இல்ல" என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். கொஞ்சம் தூரம் போனதும் வண்டியை ஓரம் கட்டி மூக்கைச் சிந்தினாள். அடுத்த வீட்டில் லோயிஸ் வண்டிக் கதவைத் திறக்குமுன் அர்லெட் இறங்கிவிட்டாள். "நீ உக்காரு. உன் முழங்கால் பலூன் மாதிரி இருக்கு. இந்த வீட்டுப் பிள்ளைங்க மூணு பேரையும் எனக்குத் தெரியும்."

அந்தச் சனிக்கிழமையே அவள் பீன்ஸ் விருந்துக்கும் வந்தாள். இரண்டு தட்டுச் சாப்பிட்டுவிட்டு, தான் வராத மூன்று வருஷத்தில் பீன்ஸ் பதம் கெட்டுவிட்டது என்று எல்லாரும் கேட்கச் சொன்னாள்.

அந்த அக்டோபரில் டெல்மண்ட் வாசலில் தட்டி எதுவும் இல்லை. லோயிஸ் நிறுத்திக் கேட்டாள்.

"தட்டி எங்க, பெரியவரே?"

"பனி தள்ளுற வண்டிக்கு இடைஞ்சலா இருக்கும்னு வைக்கல."

"பனிக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு."

"முன்கூட்டியே யோசிக்கறவன் நான்" என்றார் டெல்மண்ட். அவர் எப்படி ஓட்டுப் போட்டார் என்று இன்று வரை யாருக்கும் தெரியாது.

நவம்பர் ஆறாம் தேதி நடந்த மறு ஓட்டில் மாநிலம் எங்கள் பக்கம் திரும்பியது. எங்கள் என்று எழுதுகிறேன். இந்த முறை என் சீட்டை நான் வெறுமையாக விடவில்லை. ஆனால் மறுநாள் காலை நான் கதவில் ஒட்டிய தாளில் கார்வர்ஸ் மில்ஸின் கணக்கு வேறாக இருந்தது: வேண்டும் 249, வேண்டாம் 255.

லோயிஸும் அர்லெட்டும் சேர்ந்து வந்தார்கள். அர்லெட் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். லோயிஸ் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறு பேர்" என்றாள்.

"அதான் ஜெயிச்சாச்சே" என்றேன். "இந்த ஊர்க் கணக்கு இனி எதுக்கு?"

"சட்டம் தலைநகர் அகஸ்டாவுல இருக்கு டோரீன். நான் இங்க இருக்கேன். ராய்ஸ் வீட்டுக்கு இன்னொரு தடவை போகலாம். மில் சாலையில ரெண்டு வீடு இருக்கு."

"முதல்ல கல்யாணத்தைப் பண்ணு, அப்புறம் ஊரைத் திருத்து" என்று அர்லெட் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் சனிக்கிழமை. அலுவலகம் விடுமுறை. அதனால் அவர்கள் டிசம்பர் முப்பத்தொன்று, திங்கள் காலை வந்தார்கள். நாய் உரிமம் புதுப்பிக்கவும் அன்றுதான் கடைசி நாள் என்பதை நாங்கள் மூவருமே மறந்துபோனோம். அலுவலகத்தில் பதினேழு பேர் வரிசையில் நின்றார்கள், நாலு நாய்கள் வேறு. முந்தின நாள் பெய்த பனியைத் தள்ளிவிட்டு லோயிஸ் வேலை உடுப்போடே வந்திருந்தாள்.

"கூட்டம் போகட்டும், அப்புறம் வரோமே" என்றாள் லோயிஸ் மெல்ல.

"மாட்டேன்" என்றாள் அர்லெட். "வரிசையில நிப்போம். எல்லார் மாதிரியும்."

நின்றார்கள். முறை வந்தது. உரிமத்தை எழுதினேன். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். நான் வரிசையைப் பார்த்தேன். காரா குழந்தையைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு முன்னால் வந்தாள். இன்னொருவருக்கு அரை நிமிஷம் காத்திருந்தோம். அந்த அரை நிமிஷம் நீளமானது. பிறகு தீயணைப்பு நிலையத்து ஹோவர்ட், "எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டுக்கொண்டே தொப்பியை எடுத்தார். ஒரு தம்பதி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அறிவிப்புப் பலகையைப் படித்தார்கள். அதில் படிக்க ஒன்றும் இல்லை.

கல்யாணம் செய்துவைக்கும் அதிகாரம் எனக்கு உண்டு. நூறு முறை சொன்ன வார்த்தைகள்தான். லோயிஸ் "சம்மதம்" என்று சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லு" என்றாள் அர்லெட். "மூணு வருஷமா ஊருக்கெல்லாம் சொன்னியே."

"சம்மதம்" என்றாள் லோயிஸ். வரிசையின் கடைசி வரை கேட்டது. யாரோ கை தட்டினார்கள், ஒரு நாய் குரைத்தது, இன்னும் சிலர் தட்டினார்கள்.

காகிதத்தில் முத்திரை குத்தி அர்லெட் கையில் கொடுத்தேன். அவள் அதைப் படித்துப் பார்த்து, தன் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று திருப்பித் தந்தாள். திருத்தி எழுதினேன். இருவரும் வெளியே போனார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்தது யாரு?" என்றேன்.